வீட்டிலேயே பிஸ்டன் மாற்றுவது எப்படி?

பிஸ்டனைச் சிலிண்டருக்குள் இறக்குவது சில நிமிட வேலை. அதற்கு முன் அளப்பதும் கழுவுவதும்தான் நாள்கணக்கில் இழுக்கும். அந்த இரண்டுக்கும் பொறுமை இல்லாதவர் என்ஜினைத் திறக்காமல் இருப்பதே மேல். அளவுகள் என்ஜினுக்கு என்ஜின் மாறும் என்பதால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

முதலில், பிஸ்டன் பக்கம்தான் கோளாறா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். நீலப்புகை வந்தாலே பிஸ்டன் போய்விட்டது என்று முடிவுகட்டுவார்கள். வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்தாலும் அதே புகைதான் வரும். பெட்ரோல் என்ஜினில் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்து எல்லாச் சிலிண்டர்களையும் சோதியுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில், ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டையும் சந்தேகப்படுங்கள்.

கழற்றுதல்

என்ஜினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டி, மேலே மூடியாக இருக்கும் ஹெட்டையும், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் மேல்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். ரிங் எட்டாத இடம் தேயாமல் வரப்புபோல் நிற்கும். அதை ரிட்ஜ் ரீமர் என்ற சீவும் கருவியால் சீவிய பிறகே பிஸ்டனை மேலே தள்ள வேண்டும்.

பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், அதன் அடிப்பகுதி மூடியான கேப்பும் ஒன்றாக வைத்துக் கடையப்பட்டவை. ஒன்றின் கேப் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எண் பொறிக்கப்படவில்லை என்றால், எந்தச் சிலிண்டர், எந்தப் பக்கம் முன்னால் என்று நீங்களே குறித்துவிட்டுக் கழற்றுங்கள். ராடில் போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றை மாட்டிவிடுங்கள். கிராங்க் ஷாஃப்ட்டில் கீறல் விழாது.

பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பிஸ்டன் பின்னை, சர்க்ளிப் என்ற சிறு கம்பி வளையம் பிடித்திருந்தால் வீட்டிலேயே கழற்றலாம், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. சர்க்ளிப் எகிறிப் பறக்கும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போடாதீர்கள். பிஸ்டன் பின் இறுக்கமாக அழுத்திப் பொருத்தப்பட்ட வகை என்றால், ராடையும் புதிய பிஸ்டனையும் பட்டறைக்கு அனுப்புங்கள். சுத்தியலால் அடித்தால் பிஸ்டன் கோணிவிடும்.

அளத்தல்

சிலிண்டரை மேல், நடு, கீழ் என்று 3 உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக 2 திசைகளில், உள்விட்டம் அளக்கும் போர் கேஜால் அளந்து எழுதுங்கள். தேய்மானம் மேனுவல் சொல்லும் எல்லையைத் தாண்டியிருந்தால், அதே அளவுப் பிஸ்டனை வாங்கிப் போடுவது வீண்செலவு. 0.25 அல்லது 0.50 மி.மீ. கூடுதல் அளவுள்ள பிஸ்டனுக்கு ஏற்பச் சிலிண்டரைக் குடைய வேண்டும். பிஸ்டன்களை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுங்கள்; அவற்றை அளந்து பார்த்தே குடையச் சொல்லுங்கள்.

குடையத் தேவையில்லை என்றால் சுவரைத் தேய்ப்புக் கல்லால் லேசாகத் தேய்க்கும் ஹோனிங் மட்டும் போதும். சுவரில் குறுக்குமறுக்குக் கோடுகள் விழ வேண்டும். அவற்றில்தான் ஆயில் தங்கும். ஹோனிங் தூள் மண்ணெண்ணெயில் முழுதாகப் போகாது. சுடுநீரும் சோப்பும் விட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். சாம்பல் நிறம் தெரியும்வரை கழுவல் முடியவில்லை. காய்ந்ததும் உடனே ஆயில் பூசுங்கள், இல்லையென்றால் துருப் பிடிக்கும்.

அடுத்து ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு நடுவில், அளவு குறித்த மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். சாதாரண என்ஜினில் 25 மி.மீ. விட்டத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. என்பது பொதுக்கணக்கு, 80 மி.மீ. சிலிண்டருக்கு 0.3 மி.மீ. அளவில் வரும். மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொண்டு ரிங் உடையும், சுவரையும் கிழிக்கும். ஒரு முனையை மட்டும், வெளியிலிருந்து உள்நோக்கி அரத்தால் தேயுங்கள்.

பொருத்துதல்

பிஸ்டனில் அடியிலுள்ள ஆயில் ரிங் முதலில், பிறகு இரண்டாவது, கடைசியாக மேல் ரிங். ரிங்கில் குறியிட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். இடைவெளிகள் ஒரே கோட்டில் வராமல் பரவலாகத் திருப்பிவையுங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் இருக்கும் முன்பக்கத்தைப் பார்க்கும்.

பேரிங், ரிங், சுவர் எல்லாவற்றிலும் ஆயில் தடவி, ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் ரிங் கம்ப்ரஸரைப் பிஸ்டனில் மாட்டி பிளாக்கோடு ஒட்டப் பிடித்து, பிஸ்டனைச் சுத்தியலின் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். எங்காவது தடைபட்டால் உடனே நிறுத்துங்கள். ஒரு ரிங் வெளியே நழுவி விளிம்பில் மாட்டியிருக்கும். இன்னும் ஓர் அடி அடித்தால் முறியும். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கேப் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்குங்கள். இறுக்கும்போது நீளும் வகை போல்ட் என்றால் புதியதுதான் போட வேண்டும். ஒவ்வொரு பிஸ்டனும் ஏறியவுடன் கிராங்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்டதில்தான் கோளாறு. எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சுற்றினால் தேடி அலைய வேண்டியதுதான்.

முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு எல்லாவற்றையும் இணைத்து ஸ்டார்ட் செய்து, கசிவு இல்லை என்று பார்த்ததும் வண்டியை ஓட்டிச் செல்லுங்கள். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிட்டால் ரிங் சுவரோடு படியாது. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் வழக்கத்தைவிட மிகச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.