வண்டி கெட்டுப் போகல, எர்த் பட்டைதான் போச்சு

கடலூர் முதுநகர் துறைமுகத்துல மீன் லோடு அடிக்கிற நம்ம பிக்கப்பு 2009 மாடல், 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. திடீர்னு சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, இஞ்சின் சுத்தல. புது பேட்டரி போட்டேன், இஞ்சின சுத்தி விடுற செல்ஃப் மோட்டார கழட்டி கார்பன் பிரஷ் மாத்துனேன், சரியாகல. நாலு நாள் லோடு அடிக்க முடியாம போச்சு, மெக்கானிக் வேற வண்டிக்கு வயசாயிடுச்சு வித்துடுங்கண்ணேன்னுட்டாரு. கடைசியா செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள்ல கை பட்டுச்சு, சுடுது! எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்புற வழி, சரியில்லாம கரண்ட் இந்த கேபிள் வழியா திரும்பிருக்கு. கீழ படுத்து பாத்தா இஞ்சின்லேர்ந்து சேஸுக்கு (வண்டியோட அடிச்சட்டம்) வர்ற எர்த் பட்டை மேலாக்க நல்லாத்தான் இருக்கு, போல்ட்ட கழட்டுனா அடியில மீன் தண்ணி உப்பு தின்னு பச்சை பச்சையா பொடி கொட்டுது. உப்புத்தாள் வச்சு இரும்பு பளிச்சுனு தெரியிற வரைக்கும் தேச்சு, புது பட்டை மாட்டி கிரீஸ் தடவுனேன், ஒரே அடில ஸ்டார்ட்டு. அப்பாடான்னு இருந்துச்சு. இப்ப வாரம் ஒருக்கா சேஸ நல்ல தண்ணில கழுவிடுறேன்.