பிரான்சில் வெயிலைத் தேடிக் காரில் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடுகின்றன. அதற்குள் மழையைப் பார்த்துச் சலித்த குடும்பங்கள், ஆங்கிலக் கால்வாயைக் காரில் கடந்து வெயில் உறுதியான ஒரு பிரெஞ்சு ஊரைத் தேடுகின்றன. தவறு நடப்பது வீட்டைப் பதிவு செய்யும்போதே. வரைபடத்தில் கீழே இருக்கிறது, படத்தில் கடல் நீலமாக இருக்கிறது, வாடகை கட்டுப்படியாகிறது என்று மூன்றையும் பார்க்கிறோம். அங்கே ஆகஸ்ட்டில் எத்தனை நாள் மழை பெய்யும் என்பதை மட்டும் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

தெற்கு என்றாலே வெயில் என்று நம்புவது

அட்லாண்டிக் கரையில் உள்ள பியாரிட்ஸ், மத்தியதரைக் கடற்கரையில் உள்ள மார்செய் இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கும் ஊர்கள். மார்செயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 530 மி.மீ.; பியாரிட்ஸில் சுமார் 1,450 மி.மீ. ஆண்டுக்கு மார்செய்க்கு 2,850 மணி நேரம் அளவுக்கு வெயில் கிடைக்கிறது, பியாரிட்ஸுக்கு 1,900 மணி நேரம்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பிரனீஸ் மலையில் முட்டி மேலேறி, குளிர்ந்து, பியாரிட்ஸ் இருக்கும் பாஸ்க் கரையிலேயே கொட்டிவிடுவதுதான் காரணம். விளம்பரப் படங்களில் அந்த ஊர்களுக்குப் பின்னால் தெரியும் பச்சைக் குன்றுகளை அழகு என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆகஸ்ட்டிலும் புல் பச்சையாக நிற்கிறதென்றால் ஆகஸ்ட்டிலும் அங்கே மழை உண்டு. மார்செயில் ஜூலை மாதத்துக்கு 10 மி.மீ. அளவே பெய்வதால் புல்லெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும்.

வெயில் நாட்டின் எல்லையை இப்படி மனத்தில் வரைந்துகொள்ளலாம்: ஸ்பெயின் எல்லை அருகே பெர்பினியானில் தொடங்கி, நார்போன், மொன்பெலியே, நீம் வழியாக வந்து, ரோன் பள்ளத்தாக்கில் மொந்தெலிமார் வரை மேலேறி, புரோவான்ஸைச் சுற்றிக்கொண்டு நீஸில் முடியும் ஒரு வளையம். கோடையில் அசோர்ஸ் தீவுப் பக்கத்து உயர் அழுத்தம் வடக்கே நகர்ந்து இந்தப் பகுதியை மூடிக்கொள்கிறது. அட்லாண்டிக் மழை மேகங்களை நடு பிரான்சின் மலைத்திட்டு தடுத்துவிடுகிறது.

இதற்கு நம்பகமான அடையாளம் ஆலிவ் மரம். ஏ7 சாலையில் தெற்கே வரும்போது ஆலிவ் தோப்புகள் முதலில் கண்ணில் படுவது மொந்தெலிமாரைத் தாண்டி, நியோன்ஸ் பக்கம். குன்றுகள் சூழ்ந்த சின்ன ஊர் அது. ரோன் பள்ளத்தாக்கின் காற்று அங்கே அவ்வளவாக நுழைவதில்லை. கால்வாயைக் கடந்து இறங்கும் கலே துறைமுகத்திலிருந்து சுமார் 950 கி.மீ. ‘வெயில் வேண்டுமானால் கடற்கரை வரை போயாக வேண்டும்’ என்று நினைத்து இன்னும் 150 முதல் 250 கி.மீ. ஓட்டுகிறவர்கள் இந்த துரோம் பகுதியையும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள தெற்கு ஆர்தேஷையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீச்சல் குளமோ நல்ல ஆறோ போதும் என்கிற குடும்பத்துக்கு எங்கள் முதல் பரிந்துரை இந்த இரண்டும்தான். வெயில் கிட்டத்தட்ட கடற்கரை அளவுக்கே இருக்கும், நெரிசல் குறைவு.

தவறான எண்ணைப் படிப்பது

ஊர்களை ஒப்பிடும்போது பலரும் ஆண்டு மழை அளவைப் பார்க்கிறார்கள். அது ஏமாற்றும். நீஸில் ஆண்டுக்கு 700 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பாரிஸில் அதைவிடக் குறைவு. ஆனால் நீஸில் மழை பெய்யும் நாட்கள் ஆண்டுக்கு 60 அளவில்தான், பாரிஸிலோ சுமார் 110. நீஸில் மழை இலையுதிர் காலத்தில் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். பாரிஸில் ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டே இருக்கும். விடுமுறைக்குப் போகிறவருக்கு வேண்டியது மழை நாட்களின் எண்ணிக்கை, அதுவும் தான் போகும் மாதத்துக்கானது.

இது இலவசமாகவே கிடைக்கிறது. பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸ் ஒவ்வொரு நிலையத்துக்கும் 1991–2020 சராசரிகளை வெளியிட்டிருக்கிறது. அதில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் மழை பெய்த நாட்கள், வெயில் மணி நேரம். வெப்பநிலை வரியை முதலில் பார்க்காதீர்கள். 25 டிகிரியும் மேகமும் சேர்ந்த நாள் கடற்கரை நாளாகாது. இரண்டு வாரத்துக்கு முன்பே செல்போன் செயலி காட்டும் மழைச் சின்னத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்றுவதும் வீண். பத்து நாளுக்கு மேற்பட்ட நாள்வாரிக் கணிப்புகளை நம்பி முடிவெடுக்க முடியாது.

காற்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

வெயில் இருந்தும் விடுமுறை கெடுவது பெரும்பாலும் காற்றால்தான். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்ட்ரல் மேகத்தைத் துடைத்து வானத்தைக் கண்ணாடி போல ஆக்கிவிடும். அவிஞோன், ஆர்ல், மார்செய் வட்டாரத்துக்கு இத்தனை வெயில் கிடைக்க இந்தக் காற்றும் ஒரு காரணம். ஆனால் வேகம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டும் நாட்களும் உண்டு. மணல் முகத்தில் அடிக்கும், குடை நிற்காது.

கடலுக்கும் இது ஒன்று செய்கிறது. காற்று மேற்பரப்பின் சூடான நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியில் இருக்கும் குளிர்ந்த நீர் மேலே வருகிறது. நேற்று 24 டிகிரியாக இருந்த கடல் ஒன்றிரண்டு நாளில் 17க்கு இறங்கிவிடலாம். வெயில் கொளுத்தும், தண்ணீரில் கால் வைக்க முடியாது. தெரியாமல் போகிறவர்கள் குழம்பிப்போகும் இடம் இது.

மிஸ்ட்ரலின் பிடி மார்செய், தூலோன் பக்கம் வலுவாக இருக்கும். சான் ரபாயெலைத் தாண்டிக் கிழக்கே போகப் போகத் தளரும். கான், நீஸ், மந்தோன் கரைக்கு மலைகள் வேலி. கடலில் தினமும் இறங்கியே ஆக வேண்டும் என்கிற சிறு பிள்ளைகள் இருந்தால் கூடுதல் தூரத்தையும் செலவையும் பொறுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போவது சரி. மேற்கே நார்போன், லெகாத், பெர்பினியான் பக்கம் வீசுவது ‘திராமொன்தான்’ என்ற வடமேற்குக் காற்று. அங்கே காற்று இன்னும் அடிக்கடி. லெகாத் காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்களின் ஊராக ஆனதே அதனால்தான். அதே காரணத்தால் குடையும் மணல் வாளியுமாகப் போகிறவர்களுக்கு அது ஏற்ற ஊர் ஆகாது. பெர்பினியானைச் சுற்றியுள்ள ரூசியோன் பகுதியில் தங்குவதென்றால் தெற்கே மலையடியில் ஆர்ஜெலெஸ், கொலியூர் பக்கம் பாருங்கள். ஓரளவு மறைவு கிடைக்கும்.

வாடகை வீட்டைப் பார்க்கும்போது முற்றமும் சாப்பாட்டு மேசையும் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று கேளுங்கள். புரோவான்ஸின் பழைய பண்ணை வீடுகளில் வடக்குச் சுவரில் சன்னல் அநேகமாக இருக்காது. வடக்கே சைப்ரஸ் மர வரிசை நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் காற்றோடு வாழக் கண்ட வழி அது. கூடாரம் அடிப்பவர்கள் வேலி அல்லது மர வரிசைக்குத் தெற்குப் பக்கம் இடம் கேட்க வேண்டும். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் அங்குள்ள கல் நிலத்தில் வளைந்துவிடும். தடித்த எஃகு முளைகளும் ஒரு சுத்தியலும் வேண்டும்.

மலையையும் ஏரியையும் கடற்கரை போல நினைப்பது

வடக்கு ஆல்ப்ஸில் உள்ள அன்சி ஏரியின் படங்களைப் பார்த்து மயங்குவது எளிது. அங்கே கோடை மாதம் ஒவ்வொன்றிலும் 100 மி.மீ. அளவுக்கு மழை உண்டு. காலை தெளிவாக இருக்கும். பிற்பகலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் எழும்பி இடியோடு இறங்கும். மலையும் ஏரியும் வெயிலும் சேர்ந்து வேண்டுமானால் தெற்கு ஆல்ப்ஸுக்குப் போங்கள். எம்பிரன், செர்-போன்சோன் ஏரி வட்டாரம் உயர்ந்த மலைகளின் மழை மறைவில் இருக்கிறது. பிற்பகல் இடி அங்கேயும் வரும், ஆனால் குறைவு. தென்மேற்கு உள்நாட்டில் உள்ள தோர்தோன்ய் பகுதியில் நல்ல சூடு, நல்ல சாப்பாடு. வெயில் உறுதி என்று மட்டும் சொல்ல முடியாது.

வெயிலும் வெப்பமும் ஒன்றென்று எடுத்துக்கொள்வது

2019 ஜூன் 28 அன்று மொன்பெலியே அருகே வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி பதிவானது. பிரான்சின் உச்சம் அது. இப்படிப்பட்ட வெப்ப அலையில் மேல்மாடி அறையில் மின்விசிறியோடு மட்டும் தூங்க முடியாது. விளம்பரத்தில் ‘கிளிமாட்டிசாசியோன்’ (குளிர்சாதனம்) என்ற சொல் இருக்கிறதா, அது படுக்கையறைக்கும் உண்டா, மொபைல் ஹோமில் அதற்குத் தனிக் கட்டணமா என்று எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களோ கைக்குழந்தையோ உடன் வந்தால் கடல் மட்டத்தை விட்டு 600 முதல் 900 மீட்டர் உயரத்தில் தங்குவது நல்லது: வெர்தோன் பக்கம் காஸ்தெலான், வான்து மலையடியில் சோ. வெயில் குறையாது, இரவு மட்டும் குளிர்ந்துவிடும்.

வறண்ட காட்டில் தீ ஆபத்து உண்டு. மார்செயின் கலாங்க் குடாக்கள், சான்த்-விக்துவார் மலை போன்ற இடங்களுக்கு ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதி நாளுக்கு நாள் மாறும். மறுநாளுக்கான வரைபடத்தை மாவட்ட நிர்வாகம் முந்தின மாலையே வெளியிடுகிறது. பெரும்பாலும் காற்று பலமாக வீசும் நாட்களில்தான் காடு மூடப்படும். வானம் மிக நீலமாக இருக்கும் நாளும் அதுவே. நடைப்பயணத்தை மட்டும் நம்பி அங்கே வீடு எடுக்காதீர்கள்.

தூரத்தையும் நாளையும் தவறாகக் கணக்கிடுவது

கலேயிலிருந்து மார்செய்க்கு சுமார் 1,060 கி.மீ., நீஸுக்கு 1,200க்கு மேல். மோட்டார்வே வேக வரம்பு 130, மழையில் 110. நின்று, சாப்பிட்டு, எரிபொருள் நிரப்பி ஓட்டினால் சராசரி 95ஐத் தாண்டாது. ஆகவே மார்செய்க்கு நல்ல நாளில் 11 மணி நேரம். ஒரே ஓட்டுநர் என்றால் திஜோன் பக்கம் இரவு தங்க வேண்டும். கலேயிலிருந்து அதுவே சுமார் 570 கி.மீ.

ஏழே நாள் விடுமுறைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் போனால் மிச்சம் மூன்று. ஒரு வாரம்தான் இருக்கிறதென்றால் லா ரொஷேல், இல் து ரே தீவு, வாந்தே கரை ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கலேயிலிருந்து லா ரொஷேல் சுமார் 700 கி.மீ. கப்பலில் சான் மாலோவில் இறங்கினால் சுமார் 320 கி.மீ.தான். லா ரொஷேலுக்கு ஆண்டுக்கு 2,100 மணி நேரத்துக்கு மேல் வெயில் உண்டு. அதே அட்லாண்டிக்கின் வடமேற்கு மூலையில் உள்ள பிரெஸ்ட்டுக்கு 1,600ஐ ஒட்டித்தான். மழை வராது என்று சொல்ல முடியாது. வந்தாலும் அட்லாண்டிக் மேகம் பெரும்பாலும் ஓரிரு நாளில் கடந்துவிடும். இரண்டு வாரம் இருந்தால் மட்டும் மத்தியதரைக் கடலுக்குப் போங்கள்.

பிறகு கிழமை. வாடகை வீடுகள் பெரும்பாலும் சனியிலிருந்து சனிக்குக் கொடுக்கப்படுவதால் சாலை சனிக்கிழமை திணறும். பிசோன் ஃபியுத்தே என்ற அரசு போக்குவரத்துச் சேவை ஆண்டு முழுவதற்கும் நாட்காட்டி வெளியிடுகிறது: பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு; கறுப்பு என்றால் நெரிசல் உச்சம். ஜூலைக்காரர்கள் திரும்பவும் ஆகஸ்ட்காரர்கள் கிளம்பவும் செய்யும் அந்த வார இறுதி கறுப்பாகும். பிரிட்டன் பள்ளி விடுமுறையின் தொடக்கமும் அதை ஒட்டியே வந்து விழுகிறது. முதலில் இந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் பிறகு வீட்டைத் தேடுங்கள். ஞாயிறு அல்லது வார நடுவில் சாவி தரும் இடங்கள் உண்டு, கேம்பிங் தளங்களில் இன்னும் அதிகம். சனிதான் என்றால் லியோனை விடிவதற்குள் கடந்துவிட வேண்டும். அதற்குத் தெற்கே வலான்ஸிலிருந்து ஒரான்ஷ் வரைதான் நெரிசல் கெட்டியாகும்.

மொன்பெலியே, பெசியே பக்கத்து லாங்கதோக் கரைக்குப் போகிறவர்களுக்கு ஏ7 தேவையே இல்லை. ருவான், சார்த்ர், ஓர்லேயான் வழியாக பாரிஸைத் தொடாமல் இறங்கி, கிளெர்மோன்-ஃபெரானில் ஏ75 பிடித்தால் பெசியே வரை மியோ பாலத்துக்கு மட்டும்தான் சுங்கம். சாலை 1,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குவதால் கேரவன் இழுப்பவர்கள் எஞ்சின் சூட்டையும் பிரேக்கையும் கவனிக்க வேண்டும். ருவான் பக்கம் ஏ13இல் கால் வைத்தால் சுங்கச் சாவடி கண்ணில் படாது. கேமரா எண் பலகையைப் படித்துவிடும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டாவிட்டால் அபராதம். போகிற வழியில் பாரிஸ் லா ஷப்பெலில் சாமான் வாங்கிக்கொண்டு போகலாம் என்று பல தமிழ்க் குடும்பங்கள் திட்டமிடுகின்றன. கோடைச் சனிக்கிழமையில் அது வேண்டாம். பாரிஸ் வட்டச் சாலையின் வரம்பு 2024 அக்டோபரிலிருந்து 50 கி.மீ.; நெரிசலில் அதுவும் கிடைக்காது. அரிசியும் மிளகாய்த்தூளும் வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஜூன் நடுப்பகுதியும் செப்டம்பர் முதல் இரண்டு வாரமும் நல்ல காலம். அதற்குப் பிறகு தெற்கை முழுதாக நம்ப முடியாது. சூடேறிய கடலிலிருந்து எழும் ஈரக்காற்று செவென் போன்ற மலைகளில் மோதி, ஒரே நாளில் பல மாத மழையைக் கொட்டும். 1992 செப்டம்பர் 22 அன்று வேசோன்-லா-ரோமேனில் ஊவேஸ் ஆறு இப்படிப் பெருகி கேம்பிங் தளத்தையும் வீடுகளையும் அடித்துச் சென்றது; 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செப்டம்பர் பாதிக்குப் பிறகு ஆர்தேஷ், கார்து, துரோம் பக்கம் தங்குவதென்றால் ஆற்றங்கரை இடத்தை எடுக்காதீர்கள், மேட்டில் கேளுங்கள். மெத்தியோ பிரான்ஸின் எச்சரிக்கை வரைபடம் ஆரஞ்சு காட்டினால் அன்று மாலையே காரைத் தாழ்வான நிறுத்தத்திலிருந்து மேலே ஏற்றிவிடுங்கள்.