குளிர்ந்த நூடுல்ஸும் இரண்டு குடம் தண்ணீரும்

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது களி. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தது ஊறுகாய். மூன்றாவது முறைதான் நாலு பேர் கண்ணில் காட்டும்படியான ஒரு ஜப்பானிய நூடுல்ஸ் சாலட் கிடைத்தது. செய்தது நானும் அக்காவும். அக்கா என்றால் உடன்பிறந்தவர் இல்லை. என்னைப் போலவே சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வீடு தண்டையார்பேட்டையில். நான் பழைய வண்ணாரப்பேட்டை. இரண்டு பேருக்கும் சமையல் தெரியும் என்ற நினைப்புதான் முதல் இரண்டு வாரங்களைக் கெடுத்தது.

வடசென்னைக்காரர்களுக்கு ஆறிய நூடுல்ஸ் புதிதே இல்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸை, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களிலும் வியாசர்பாடியிலும் இன்றும் கையால் பிசைந்து தருகிறார்கள். கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். இதைச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு ஜப்பான்காரர் சாலட் எம்மாத்திரம் என்று நினைத்தோம். அங்கேதான் வழுக்கியது. அத்தோவில் நூடுல்ஸ் ஒட்டாமல் காப்பது எண்ணெய். ஜப்பானிய முறையில் அந்த வேலையைச் செய்வது தண்ணீர். எங்கள் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காததால் வந்தவை.

எந்த நூடுல்ஸ்?

ஜப்பானில் குளிர்ச்சியாகச் சாப்பிடுபவற்றில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். சோமென் என்பது கோதுமை மாவில் இழுத்த மெல்லிய நூல், விட்டம் 1.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ராமென் வகை நூடுல்ஸில் காரத்தன்மையுள்ள உப்புகளைச் சேர்ப்பதால் மஞ்சள் நிறமும் மீள்தன்மையும் வருகின்றன. அதன்மேல் வெள்ளரி, முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் மெல்லிசாக நறுக்கி வரிசையாக அடுக்குவதற்குப் பெயர் ஹியாஷி சூக்கா. மூன்றாவது, பக்வீட் மாவில் செய்யும் சோபா. (தமிழில் எழுதினால் கூடத்தில் கிடக்கும் சோபாதான் நினைவுக்கு வருகிறது. என்ன செய்ய, பெயர் அதுதான்.)

பக்வீட் கோதுமை இனமே இல்லை. நவராத்திரி விரதத்துக்கு வடஇந்தியர்கள் பயன்படுத்தும் குட்டு மாவு இதுதான். சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் கிடைக்கும். கிடைத்ததும் அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. “இடியாப்பம் பிழிகிற கைக்கு இது பெரிய விஷயமா, தம்பி?” என்று மாவைப் பிசைந்து, உரலில் போட்டு, கொதிக்கும் தண்ணீருக்கு நேராகப் பிழிந்தார். இழை இழையாகத்தான் விழுந்தது. ஒரு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் களி. கோதுமையில் மாவை இழுத்துப் பிடிக்கும் பசைப்புரதம் பக்வீட்டில் கிடையாது. சோபா செய்பவர்களிலேயே பலர் எட்டுப் பங்கு பக்வீட்டுக்கு இரண்டு பங்கு கோதுமை மாவு சேர்க்கிறார்கள். அப்போதும் பிழிவதில்லை, தேய்த்து மடித்துக் கத்தியால் வெட்டுகிறார்கள். முதல் முறை செய்பவர்கள் காய்ந்த சோபாவையோ சோமெனையோ பாக்கெட்டாக வாங்கிவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சோபா என்ற பெயரை மட்டும் நம்பக் கூடாது. பக்வீட்டே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதையும் விருந்தினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டுமே கிடைக்கவில்லையா? மசாலா பாக்கெட் இல்லாத சாதாரண ஹக்கா நூடுல்ஸில் ஹியாஷி சூக்கா செய்யலாம். மோசமில்லை. சேமியா வேண்டாம், குழைந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கு

100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இதைக் குறைத்தால், கரைந்த மாவு திரும்ப நூடுல்ஸின்மேலேயே படிந்து கொழகொழக்கும். சிறிய பாத்திரத்தில் திணிக்காமல் சோறு வடிக்கும் பெரிய பாத்திரத்தை எடுங்கள். தண்ணீரில் உப்புப் போட வேண்டாம். சோமென் மாவிலேயே உப்பு இருக்கிறது, சோபாவுக்குச் சாறே போதும். எண்ணெயும் விடக் கூடாது. எண்ணெய் பூசிய நூடுல்ஸில் பின்னால் ஊற்றும் சாறு பிடிக்காமல் தட்டின் அடியில் போய் நிற்கும். அத்தோ பழக்கத்தில் என் கை தன்னால் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் போனது. அக்கா கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

சோமென் வேக ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் போதும். காய்ந்த சோபாவுக்குப் பெரும்பாலும் நாலைந்து நிமிடம். கடிகாரத்தைவிட நாக்கை நம்புங்கள்: ஓர் இழையை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் கடித்துப் பார்க்க வேண்டும். சூடாகக் கடித்தால் எப்போதும் மெத்தென்றுதான் தெரியும். குளிர்ந்தபின் அதே இழை விறைப்பாகும்.

இனி அலசுவது. இந்த வகைச் சாலட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதையே நாங்கள் முதலில் அரைகுறையாகச் செய்தோம். காரணம் சோம்பல் இல்லை. லாரித் தண்ணீருக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருவில் பிறந்தவர்களுக்கு, வெந்த பண்டத்தின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி அலச மனம் வராது. வடிதட்டில் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் தெளித்து, போதும் என்று விட்டோம். பத்து நிமிடத்தில் நூடுல்ஸ் முழுவதும் ஒரே கட்டியாகி, வடிதட்டைக் கவிழ்த்தபோது இட்லி மாதிரி வடிதட்டின் அச்சோடு வந்து விழுந்தது.

வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் மாவுப்பசை முழுவதும் போக வேண்டும். உள்ளே தங்கியிருக்கும் சூடும் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுப்பை அணைத்த பிறகும் அது வெந்துகொண்டே இருக்கும். மூன்று அகலப் பாத்திரங்களில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். முதல் தண்ணீரில் சூடு இறங்கும், அது பால்போல் வெளுக்கும். இரண்டாவதில் போட்டு, துணி துவைப்பதுபோல் இரண்டு கைகளாலும் தேய்க்க வேண்டும். சோமென் தாங்கும், பயப்பட வேண்டாம். சோபாவை மட்டும் கொஞ்சம் மென்மையாகப் பிடியுங்கள். விரலில் வழவழப்பு போய், இழைகள் தனித்தனியாக வழுக்கினால் சரி. மூன்றாவது பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர். இரண்டு குடத்துக்குமேல் செலவாகவில்லை. வெளுத்த தண்ணீரை அக்கா ஆறவைத்து மொட்டை மாடிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டார். சோபா வெந்த தண்ணீரை ஜப்பானியர்கள் கீழே ஊற்றுவதில்லை. மிச்சமுள்ள சாற்றில் கலந்து சூடாகக் குடிப்பார்கள். நம் வடிகஞ்சிதான்.

அந்த ஐஸ் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் ஐஸ் கட்டி எளிதாகக் கிடைக்கும், ஆனால் அது மீன் பெட்டியில் போடுவதற்கானது. சாலட்டைத் தொடும் ஐஸ், குடிக்கும் தண்ணீரில் வீட்டில் உறையவைத்ததாக இருக்கட்டும். கடைசி அலசலும் அதே தண்ணீரில்தான்.

அலசியபின் நன்றாக வடியவிடுவதையும் மறந்துவிடாதீர்கள். கைப்பிடி கைப்பிடியாக எடுத்து லேசாக அழுத்தி நீரை இறக்குங்கள். இல்லாவிட்டால் ஊற்றிய சாறு ரசத்தைவிட நீர்த்துப்போகும்.

சாறு

இரண்டாவது வாரத்து ஊறுகாய் இங்கே பிறந்தது. சமையலறை அலமாரியில் மிளகாய் சாஸுக்கும் தக்காளி சாஸுக்கும் நடுவில் நிற்கும் கெட்டியான கறுப்பு சோயா சாஸ், வறுத்த சோற்றுக்கு நிறம் கொடுப்பதற்கானது. பலவற்றில் நிறமூட்டியும் சர்க்கரையும் இருக்கும். ஜப்பானிய ஷோயு, சோயா பீன்ஸையும் கோதுமையையும் உப்புநீரில் மாதக்கணக்கில் நொதிக்கவைத்து எடுப்பது. வாங்கும்போது பாட்டிலில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் வெளிர் நிறமானதில் உப்புக் குறைவு என்று நினைப்பது தவறு. ஜப்பானில் வெளிர் வகையில்தான் உப்புச் சற்று அதிகம்.

அடுத்தது நல்லெண்ணெய். எள்ளெண்ணெய் என்று குறிப்பில் பார்த்தவுடன் செக்கு நல்லெண்ணெயை ஊற்றாத தமிழர் இருக்க மாட்டார்கள். நம்முடையது பச்சை எள்ளைக் கருப்பட்டியோடு ஆட்டியது. இட்லிப் பொடிக்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இந்தச் சாலட்டில் வர வேண்டியது வறுத்த எள்ளின் வாசனை. வறுத்த எள்ளெண்ணெய் கிடைக்காவிட்டால் வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் படபடக்கும்வரை வறுத்து, பாதி நசுங்கும்படி இடித்துச் சேருங்கள். நல்லெண்ணெயை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். கறுப்பு எள் வேண்டாம். கருகுவது கண்ணுக்குத் தெரியாது.

வினிகர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கை வினிகர் மூக்கில் ஏறும், சுவை கிடையாது. அரிசி வினிகர் இல்லையென்றால் எலுமிச்சைக்குப் போய்விடலாம். ஜப்பானியர்களே நாரத்தை வகைப் பழச்சாற்றில் போன்சு என்ற புளிப்புச் சாறு செய்கிறார்கள், ஆகையால் யாரும் குறை சொல்ல முடியாது.

இரண்டு பேருக்கு, அதாவது 200 கிராம் காய்ந்த நூடுல்ஸுக்கு எங்களுக்குச் சரியாக வந்த அளவு: ஷோயு நான்கு மேசைக்கரண்டி, அரிசி வினிகர் மூன்று, சர்க்கரை ஒன்றரை, மீன்சாறு நான்கு, கொஞ்சம் இஞ்சிச் சாறு, எள். சர்க்கரை கரையும்வரை மட்டும் சூடாக்கி, குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சூடான சாற்றைக் குளிர்ந்த நூடுல்ஸில் ஊற்றினால் அதுவரை அலசியதெல்லாம் வீண்.

மீன்சாறு என்றேனே, அதுதான் அக்காவின் கண்டுபிடிப்பு. ஜப்பானியர்கள் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, மரக்கட்டைபோல் காயவைத்து, அதைச் சீவி எடுத்து தாஷி என்ற சாறு இறக்குகிறார்கள். “இது மாசிதானே!” என்றார் அக்கா. தூத்துக்குடியிலிருந்து உறவினர் கொண்டுவந்த மாசிக் கருவாடு அவர் வீட்டு டப்பாவில் இருந்தது. அதுவும் அதே மீன், லட்சத்தீவிலும் மாலத்தீவிலும் கிட்டத்தட்ட அதே வழியில் செய்வது. எலுமிச்சை அளவுத் துண்டை இடித்து, கொதித்து இறக்கிய ஒரு டம்ளர் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டுத் துணியில் வடிகட்டினோம். கொதிக்கவிட்டால் கசக்கும். மாசியில் உப்பு இருக்கும், எனவே ஷோயுவை ஊற்றுமுன் ருசி பாருங்கள். 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனாயே இகேதா கடற்பாசிச் சாற்றில் கண்டறிந்த குளூட்டமேட் என்ற ருசிப் பொருள் ஷோயுவிலும் இருக்கிறது. மீனில் உள்ள இனோசினேட் என்ற இன்னொரு ருசிப் பொருள் அதோடு சேரும்போது ருசி பல மடங்காகிறது. அந்த ஒரு கரண்டியை நாக்கில் வைத்ததும் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை.

மாசி இல்லாவிட்டால் நெத்திலிக் கருவாடு. தலையையும் குடலையும் கிள்ளி எறிந்துவிடுங்கள், கசப்பு அங்கேதான்.

மேலே அடுக்குவது

வெள்ளரியை விதை நீக்கி, குச்சி குச்சியாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் கழித்துப் பிழியாவிட்டால் அது தட்டில் தண்ணீர் விடும். முட்டையைச் சின்னத் தீயில் காகிதம்போல் ஊற்றி, நிறம் மாறாமல் எடுத்துச் சுருட்டி நறுக்க வேண்டும். இறாலை ஒன்றிரண்டு நிமிடத்துக்குமேல் வேகவிடாதீர்கள். பொரித்த வெங்காயத்தை அத்தோவுக்கே விட்டுவிடுங்கள்.

காசிமேட்டில் விடியற்காலை துள்ளத் துள்ள வாங்கினாலும் பச்சை மீன் போடக் கூடாது. புதிய மீன் என்பதும் பச்சையாகத் தின்னத் தகுந்த மீன் என்பதும் வேறுவேறு. புழுக்கள் சாக மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் அதற்குப் போதாது.

இரண்டு பேர், ஒரு கிண்ணம்

சேர்ந்து சமைப்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. இரண்டாவது வாரம் நான் ஷோயு ஊற்றியது அக்காவுக்குத் தெரியாது. அக்கா ஊற்றியது எனக்குத் தெரியாது. சாறு ஒருவர் பொறுப்பு, நூடுல்ஸ் ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் சரியானது. இன்னொன்று, படம் எடுப்பது. இந்தக் கோணம், அந்த வெளிச்சம் என்று கால் மணி நேரம் ஆனபோது நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிட்டது. சாறு ஊற்றாமல் படம் எடுங்கள், ஊற்றியவுடன் சாப்பிடுங்கள்.

சென்னை வெயிலில் இதை மேசையில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசவும் முடியாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வெந்த நூடுல்ஸை ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. அதில் பெருகும் ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சமானால் சாறு கலக்காமல் உடனே குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஒரு கை குளிர்ந்த தண்ணீர் விட்டு உதிர்த்துக்கொள்ளலாம்.

எங்களுக்கு மிச்சமானதை அக்கா அப்படித்தான் உதிர்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பூண்டு எண்ணெய்க் கிண்ணத்தையும் புளித்தண்ணீரையும் எடுத்துவந்து, கையால் பிசைய ஆரம்பித்தார்.