பழைய கத்தி எந்த நாட்டுக் கத்தி என்று கண்டறிவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில், தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் வீடுகளை உடைக்கும்போது, ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியாகவும் இல்லாமல், பாராங் என்னும் மலாய் வெட்டுக்கத்தியாகவும் இல்லாமல், விநோதமான கத்தி ஒன்று அவ்வப்போது கிடைப்பதுண்டு. அதை உடனே எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துருவும் கறையும் பிசினுமே நமக்குச் சான்றுகள். கிரிஸ் என்னும் மலாய்க் குத்துவாளின் அலகுக்கு ஆர்செனிக் பூசும் வழக்கம் இருந்ததால், தொட்டபின் கையைக் கழுவுங்கள்.

முதலில் வெள்ளைத் தாளில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுங்கள். பிளாஷ் நுண்வரிகளை மறைத்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸே எனக்குப் பிடித்த கருவி.

அடுத்து அலகின் வடிவம். அடிப்பகுதி ஒருபக்கம் மட்டும் அகன்று, அங்கே தனித்துண்டு பொருத்திய மெல்லிய கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் கிரிஸ். அதன் வளைவுகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும். ஒருபக்கம் புடைத்தும் மறுபக்கம் சற்றுக் குழிந்தும் இருப்பது போர்னியோத் தீவின் மண்டாவ் வாள். முன்னோக்கி வளைந்தது எல்லாம் நம் அரிவாள் அல்ல. பிடிக்கு அருகே கூர்விளிம்பில் சிறு வெட்டு இருந்தால் நேபாளத்துக் குக்ரியாக இருக்கலாம். 1948-இல் மலாயா அவசரகாலத்துக்கு (கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான போருக்கு) வித்திட்ட கொலைகள் நடந்த வட்டாரம் இது. பிரிட்டிஷாரின் கூர்க்காப் படைகள் மலாயாவில் அப்போது பணியாற்றியதால், இங்கே குக்ரி கிடைப்பதில் வியப்பில்லை. அதில் அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அது அரசாங்கப் படைக்கலம்.

பெரும்பாலோர் தடுமாறுவது கைப்பிடியிலும் உறையிலுந்தான். அலகு ஓர் ஊரில் அடிக்கப்பட்டு, விற்கப்பட்டு, வேறோர் ஊரில் புதுப்பிடி பெற்றிருக்கலாம். மீன்கொத்தியின் நீண்ட மூக்கு போன்ற கிரிஸ் பிடி, தென் தாய்லாந்தின் பட்டாணி, மலேசியாவின் கிளந்தான் பக்கத்தைக் காட்டும். ஆனால் அதனுள் இருக்கும் அலகு ஜாவாவில் அடித்ததாக இருக்கக்கூடும். ஆகவே பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் என்று இரண்டு விடைகளைத் தனித்தனியே எழுதுங்கள். உறைவாயில் இடைவெளி விழுந்தாலோ, அலகு உள்ளே ஆடினாலோ அந்த உறை பிற்காலத்தது என்று சந்தேகிக்கலாம். பிடியைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பிசின் வைத்து இறுக்கிய பிடியை இழுத்தால் உள்ளிருக்கும் வால்பகுதி ஒடியும். மூங்கில் ஆணியால் நிறுத்திய ஜப்பானியக் கத்தியில் வால் துருவைச் சுரண்டவே கூடாது, காலத்தைக் கணிக்க உதவுவது அதுதான்.

பின்சேர்க்கை: தைப்பிங்கில் 1883-இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்துக்குக் கத்தியையே எடுத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம் என்பதால், படங்களையும் அளவுகளையும் மட்டும் கொண்டு செல்லுங்கள்.