இலையானா, தேனீயா? படத்தில் எதைப் பார்ப்பது

முருங்கைப் பூவில் மஞ்சளும் கறுப்புமாக வரியோடு ஒன்று வந்து இருந்தால், உடனே தேனீ என்று முடிவு கட்ட வேண்டாம். அது பூ ஈ என்ற இலையானாகவும் இருக்கலாம். பூ ஈ கொட்டாது. படத்தைப் பெருப்பித்துச் சிறகைப் பாருங்கள். இலையான் வகைக்கு ஒரு சோடி, தேனீக்கும் குளவிக்கும் இரண்டு சோடி. தேனீயின் முன் சிறகும் பின் சிறகும் கொளுவிக்கொண்டு ஒன்றாகத் தெரிவதும் உண்டு. அப்போது உணர்கொம்பைப் பாருங்கள்: பூ ஈக்குப் பெரும்பாலும் கட்டை, தேனீக்கு நீண்டு, முழங்கைபோல மடங்கியிருக்கும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடச் சிறகு தெளிவாக விழுவதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்து வளவுகளில் பாவற்காயைக் குத்தும் பழ ஈயும், மாம்பழத்துக்கு வரும் பழ ஈயும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். பாவற்காய் ஈயின் சிறகில் விளிம்புப் பட்டை நுனியில் பொட்டாக அகலும், குறுக்கேயும் ஒரு கபிலக் கோடு ஓடும். மாம்பழ ஈக்கு அந்தக் குறுக்குக் கோடு இராது.

மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று எடுங்கள். வெயில் ஏற முன்னர் என்றால் பூச்சி மந்தமாக இருக்கும். பிளாஷ் வேண்டாம், சிறகு பளபளத்துக் கோடுகள் மறைந்துவிடும்.

அப்புறம் உயிரினங்களை இனங்காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றும்போது இடம், திகதியோடு எந்தச் செடியில் இருந்தது என்பதையும் எழுதுங்கள். செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே எடுக்காதீர்கள். பல இலையான்களைப் படத்தை மட்டும் வைத்துக் எந்தக் குடும்பம் என்பது வரைதான் சொல்லலாம், சரியாக எந்த இனம் என்று சொல்ல ஏலாது.