தேய்ந்த பம்புத் தண்டுக்கு ஈடாகப் புதிய தண்டு செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணச் சர்க்கரை ஆலைகளில் அரைவைக் காலம் ஏறத்தாழ ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த அரைவைக்கு முன் கிடைக்கும் சில மாதங்களில்தான், தேய்ந்த தண்டுகளும் அரித்துப்போன இம்பெல்லர்களும் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரங்கள்) டர்பன் பட்டறைகளுக்கு வந்து குவிகின்றன. இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நம் இளைஞர்களுக்காக, பேரிங் அமரும் இடத்தில் 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு பம்புத் தண்டைச் செய்யும் முறையை எழுதுகிறேன்.

பழைய தண்டைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் வையுங்கள். தேய்ந்த இடத்தை அளந்து அதே அளவை வரைபடத்தில் எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அளவைப் பேரிங்கிடம் கேளுங்கள். அதில் 6310 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கக் கிடைக்கும் 50 மி.மீ. அதன் உள்விட்டம். தண்டு சுழல, வெளிவளையம் அசையாமல் நிற்கும் இத்தகைய அமைப்பில் தண்டுக்குப் பெரும்பாலும் கே6 பொருத்தம் கொடுப்பார்கள்; அதாவது முடிந்த விட்டம் 50.002 மி.மீ.க்கும் 50.018 மி.மீ.க்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த 0.016 மி.மீ. இடைவெளிக்காகத்தான் கீழே சொல்லும் அத்தனை பாடும்.

தண்டு உடைந்திருந்தால் உடைந்த முகத்தையும் பாருங்கள். அலை மணலில் விட்டுச் சென்றவை போன்ற வளைகோடுகள் தெரிந்தால், அது ஒரே அடியில் முறிந்ததன்று. சுழற்சிக்குச் சுழற்சி சிறுகச் சிறுக வளர்ந்த விரிசல். அக்கோடுகள் சுருங்கிச் சேரும் இடம் பெரும்பாலும் கீவேயின், அதாவது சாவிக்கட்டை அமரும் பள்ளத்தின், கூரான அடிமூலையாக இருக்கும். மோட்டாரோடு இணையும் கப்ளிங் முனையின் விட்டம் 42 மி.மீ. என்றால் கீவேயின் அகலம் 12 மி.மீ., ஆழம் 5 மி.மீ.; அதன் அடிமூலையில் 0.25 முதல் 0.40 மி.மீ. வரை ஆரம் இருக்க வேண்டும். இதை வரைபடத்தில் எழுதாமல் விட்டால், புதிய தண்டும் அதே இடத்தில் முறியும்.

இதை 3டி அச்சில் செய்யலாமே என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனமும் ஏரோசட் நிறுவனமும் இணைந்து, ஏரோஸ்விஃப்ட் திட்டத்தில் டைட்டானியப் பொடியை லேசரால் உருக்கி விமான உறுப்புகளை அடுக்கடுக்காக உருவாக்கியிருக்கின்றன. அது பெருமைக்குரிய வேலை. ஆனால் உருட்டி வந்த உருக்குக் கம்பியைக் கடைந்தாலே கிடைத்துவிடும் எளிய வடிவத்துக்கு அம்முறை தேவையற்ற செலவு என்பது என் கருத்து. இம்பெல்லரின் கதை வேறு. அதன் வளைந்த இதழ்களை ஸ்கேன் செய்து, தேய்மானத்தைக் கணினியில் நிரப்பி, வார்ப்பு உருக்கு ஆறும்போது சுருங்கும் ஏறத்தாழ 2 சதவீதத்தைச் சேர்த்து, உருக்கு ஊற்றும் மணல் வார்ப்பச்சையே நேரடியாக 3டி முறையில் அச்சிட்டு வார்க்கலாம். மரத்தில் மாதிரி செய்யும் வாரங்கள் மிச்சமாகும்.

தண்டுக்கு ஈஎன்19 என்ற குரோமியம்-மாலிப்டினம் கலந்த உருக்கை, கடினப்படுத்திப் பதப்படுத்திய நிலையிலேயே வாங்குங்கள். கடைந்த பின் சூளையில் வைத்தால் தண்டு வளையக்கூடும். கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி லேத்தில் ஒரு முனையைச் சக் என்னும் பிடிப்பானிலும் மறுமுனையைச் சென்டர் என்னும் கூர்முனையிலும் பிடித்து, பேரிங் இடத்தில் சாணைக்காக விட்டத்தில் 0.3 மி.மீ. மிச்சம் வையுங்கள். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர் என்றால், 50 மி.மீ. விட்டத்தில் சுழற்சி ஏறத்தாழ 1,146 ஆகும். வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளை கொடுத்தால் விட்டம் மாறும்போது இயந்திரமே சுழற்சியை மாற்றிக்கொள்ளும். ஆனால் முகப்பைச் சீவும்போது உளி மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி ஏறிக்கொண்டே போகும் என்பதால், ஃபானக் வகைக் கட்டுப்பாட்டில் ஜி50 கட்டளை மூலம் சுழற்சியின் உச்ச வரம்பை முன்னதாகவே எழுதிவிட வேண்டும். இதில் ஒருநாளும் கவனக்குறைவு கூடாது.

சாணை பிடிக்காத பரப்புகளின் வழவழப்பு ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு உளி நகரும் தூரத்தை, பொறுத்தது. முனை ஆரம் 0.8 மி.மீ. உள்ள இன்செர்ட்டில் (உளியில் மாட்டும் வெட்டுத்துண்டு), சுற்றுக்கு 0.2 மி.மீ. ஃபீட் கொடுத்தால் கோடுகளின் உயரம் கணக்கின்படி 6.25 மைக்ரான், 0.1 ஆகக் குறைத்தால் 1.56 மைக்ரான்தான். நடுவில் மின்வெட்டு வந்தால், மின்சாரம் திரும்பியதும் நின்ற வரியிலிருந்து ஓட்டாதீர்கள். உளியை விலக்கி, இன்செர்ட்டின் முனை உடைந்திருக்கிறதா என்று பார்த்து, அந்த உளியின் வேலையைத் தொடக்கத்திலிருந்து ஓட்டுங்கள்.

கீவேயைச் சாணைக்கு முன்பே வெட்டிவிடுங்கள். வெட்டும்போது உள்ளழுத்தம் விடுபட்டுத் தண்டு சற்றே வளைந்தாலும், பிசிர் எழுந்தாலும், சாணை அவற்றைச் சரிசெய்துவிடும்.

சாணையில் வெப்பமே பெரிய பகை. ஒரு மீட்டர் உருக்கு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 0.0115 மி.மீ. நீளும். அளவுகளுக்கு உலகெங்கும் பொது ஆதாரமான 20 பாகையில் இல்லாமல் தண்டு 40 பாகையில் இருந்தால், 50 மி.மீ. விட்டம் 0.0115 மி.மீ. கூடுதலாகக் காட்டும், நமக்கு அனுமதித்த இடைவெளியில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். நான் தொழில் கற்ற பட்டறையில், ஒரு டிசம்பர் மாலை அவசரத்தில் சூட்டோடு அளந்து சரியென்று இறக்கிய தண்டு, மறுநாள் காலையில் கீழ்வரம்புக்கும் கீழே நின்றது. அன்றிலிருந்து கடைசி 0.02 மி.மீ.யைத் தண்டு முழுதும் ஆறிய பிறகே எடுக்கிறேன். மைக்ரோமீட்டரையும் அதைச் சரிபார்க்கும் கேஜ் பிளாக்கையும் தண்டின் அருகிலேயே சில மணி நேரம் வைத்தால், எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்து, அறைவெப்பத்தால் வரும் பிழை பெரும்பாலும் தானே கழிந்துவிடும்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல், இண்டக்ஷன் ஹீட்டரில் ஏறத்தாழ 110 பாகைக்குச் சூடாக்கித் தண்டில் நழுவ விடுங்கள். அது ஆறும்போது அகலவாக்கிலும் சுருங்கித் தண்டின் தோளைவிட்டு (விட்டம் பெரிதாகும் படி) விலகப் பார்க்கும். ஆகையால் தண்டை நன்றாகப் பற்றிக்கொள்ளும் வரை தோளோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருங்கள்.