பிரான்ஸ் கிராமப்புறத்தில் வண்டி வராத சாலையைக் கண்டுபிடிப்பது எப்படி? துர்னுவிலிருந்து மாக்கோன் வரை ஒரு பயிற்சிப் பாதை

பிரான்சில் சைக்கிள் ஓட்டத் திட்டமிடும் புதியவர்கள் முதலில் தேடுவது ‘சைக்கிள் பாதை’. கிடைக்கும், ஆனால் கோடையில் அங்கே குழந்தை வண்டிகளும் குடும்பங்களும் நிறைந்திருக்கும். அமைதி வேண்டுமென்றால் சாதாரணத் தார்ச்சாலைகளைப் பாருங்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளம் சுமார் 11 லட்சம் கிலோமீட்டர். அதில் 7 லட்சத்தைப் பராமரிப்பவை கம்யூன்கள், அதாவது நம் ஊராட்சி போன்ற அமைப்புகள். அவை ஏறத்தாழ 35,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வயல், பண்ணை, கல்லறைத் தோட்டம் வரை தார் போட்டு வைத்திருக்கிறது. அவற்றில் பலவற்றில் தபால் வேனும் டிராக்டரும் போனால் உண்டு.

இவற்றில் எது காலியாக இருக்கும்? பக்கத்திலேயே, அதே ஊர்களுக்கு, இன்னும் வேகமாகப் போக வேறு சாலை இருந்தால் அது காலியாக இருக்கும். ஆகவே முதலில் இரைச்சலான சாலையைக் கண்டுபிடியுங்கள். அமைதியான சாலை அதன் நிழலில் கிடக்கும்.

படி 1: எழுத்தைப் படியுங்கள்

‘ஏ’ என்று தொடங்குபவை அதிவேக நெடுஞ்சாலைகள், சைக்கிளுக்குத் தடை. ‘என்’ தேசியச் சாலைகள். சிலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு, ஆனாலும் போகாதீர்கள். ‘டி’ என்பவை தெபார்த்மான் சாலைகள். தெபார்த்மான் என்பது நம் மாவட்டம் மாதிரி. ‘சி’ கம்யூன் சாலைகள். வழிகாட்டிப் பலகையின் மேல் ஒட்டியிருக்கும் சின்னப் பட்டையில் எண் இருக்கும்: சிவப்பு என்றால் தேசியம், மஞ்சள் என்றால் தெபார்த்மான், வெள்ளை என்றால் கம்யூன்.

புதியவர்கள் ஏமாறும் இடம் ‘டி’. 2006 வாக்கில் சுமார் 18,000 கிலோமீட்டர் தேசியச் சாலைகளை அரசு தெபார்த்மான்களிடம் ஒப்படைத்தது. எழுத்து மாறியது, லாரி மாறவில்லை. பழைய எண் முழுக்க மறையாமல் முன்னால் ஒரு 6, 8, 9 அல்லது 10 சேர்ந்தது. பழைய என்6 சோன் ஆற்றங்கரையில் இன்று டி906. பழைய என்7 பல இடங்களில் டி607, டி907. ஆகவே 600, 800, 900, 1000 வரிசை ‘டி’ எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று: தெபார்த்மான் எல்லை தாண்டியதும் அதே சாலையின் எண் மாறிவிடும். வழிக்குறிப்பை எண்ணால் எழுதாமல் ஊர்ப் பெயரால் எழுதுங்கள்.

படி 2: காகித வரைபடத்தில் வெள்ளைக் கோடு

செயலி பிறகு, முதலில் மிஷ்லான் நிறுவனத்தின் 1:150,000 வட்டார வரைபடம் ஒன்று வாங்குங்கள். ஒரு சென்டிமீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டர். சிவப்பு முக்கியச் சாலை, மஞ்சள் இரண்டாம் நிலை, வெள்ளைதான் நமக்கு வேண்டியது. சாலைமேல் அம்புக்குறி இருந்தால் அது ஏற்றம். குறியின் முனை மேடு இருக்கும் பக்கம் காட்டும். ஒரு குறி 5 முதல் 9 சதவீதம், இரண்டு 9 முதல் 13, மூன்று அதற்கும் மேல். மூன்று குறி கண்டால் முதல் நாள் வேண்டாம்.

சாலையோரம் பச்சைக் கோடு இருந்தால் ‘காட்சி அழகு’ என்று பொருள். அமைதி என்று பொருள் இல்லை. கேம்பர் வேன்காரர்களும் மோட்டார்சைக்கிள் கூட்டமும் அதே பச்சைக் கோட்டைத்தான் தேடி வருகிறார்கள்.

வரைபடத்தில் ஓர் ஆற்றைப் பாருங்கள். ஒரு கரையில் மஞ்சளோ சிவப்போ ஓடினால், மறுகரையில் பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கோடு ஊர் ஊராக வளைந்து போகும். அதுதான் உங்கள் சாலை.

படி 3: கோட்டை வரையுங்கள்

இப்போது கணினிக்கு வரலாம். பிரவுட்டர் என்ற இலவச வழித்திட்டத் தளத்தில் சாலை சைக்கிளுக்கான ‘மிகக் குறைந்த போக்குவரத்து’ அமைப்பு ஒன்று உண்டு. அதைத் தேர்ந்து, தொடக்கம், முடிவு, நடுவே நீங்கள் வரைபடத்தில் குறித்த மூன்று நான்கு ஊர்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கொடுத்துவிட்டு நம்பி உட்காராதீர்கள். சாலை வகையைத்தான் அது பார்க்கிறது, காலை எட்டு மணிக்கு யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. வந்த கோட்டை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடத்தைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) இறக்கி, கைப்பேசியில் இணையம் இல்லாமலே திறக்கும்படி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் அற்றுப்போவது சகஜம்.

படி 4: சரிபார்ப்பு

இரண்டு சோதனை. முதலாவது போக்குவரத்து எண்ணிக்கை. பல தெபார்த்மான்கள் தங்கள் சாலைகளில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி போகிறது என்று ஆண்டுச் சராசரியை வரைபடமாக வெளியிடுகின்றன. 500 என்றால், பகல் பதினான்கு மணி நேரத்தில் பிரித்தால், மணிக்கு முப்பத்தைந்து. இரண்டு திசையும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. அருமை. 1,000 வரை பொறுக்கலாம். 3,000 தாண்டினால் கோட்டை அழித்து மறுபடி வரையுங்கள்.

இரண்டாவது தரை. வான்படத்தில் சாலை நடுவே பச்சைக் கோடு தெரிந்தால் புல் முளைத்திருக்கிறது என்று பொருள். வண்டி வராது, ஆனால் மெல்லிய டயருக்குச் சரளைக்கல் காத்திருக்கும். அப்படிப்பட்ட இடம் 500 மீட்டருக்குள் இருந்தால் இறங்கித் தள்ளலாம். அதற்கு மேல் என்றால் சுற்றுங்கள்.

படி 5: சைக்கிளில் என்ன வேண்டும்

28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர். 70 கிலோ எடையுள்ளவருக்கு 28-இல் சுமார் 5 பார் (காற்றழுத்த அலகு), 32-இல் சுமார் 4 பார் காற்று போதும். கல்லாக ஊதினால் சின்னச் சாலையின் ஒட்டுப்போட்ட தாரில் மணிக்கட்டு வலிக்கும், வேகமும் கூடாது. டியூப் இரண்டு, டயர் நெம்பி, ஒட்டு, கைப்பம்பு. இலையுதிர்காலத்தில் வேலிச்செடியை இயந்திரத்தால் வெட்டி முள்ளைச் சாலையிலேயே விட்டுவிடுவார்கள், ஒரே பஞ்சரோடு தப்புவது கடினம். பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் கார் வால்வுக்கானது. சாலை சைக்கிளின் மெல்லிய வால்வுக்குப் பித்தளை மாற்றுமூடி ஒன்று பையில் இருக்கட்டும்.

மணி, முன்பின் விளக்கு சட்டப்படி தேவை. இரவிலோ மூடுபனியிலோ ஊருக்கு வெளியே ஒளிரும் மேலங்கி கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தலைக்கவசமும் கட்டாயம். காதில் இயர்ஃபோன் வைத்து ஓட்டுவது 2015 முதல் தடை. அபராதம் 135 யூரோ.

படி 6: முதல் நாள், துர்னு முதல் மாக்கோன் வரை

தென் பர்கண்டியில், சோன்-எ-லுவார் தெபார்த்மானில், இந்த விதிகளெல்லாம் ஒரே பாதையில் கண்முன் தெரியும். மொத்தம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டு முனையிலும் ரயில் நிலையம். வடக்குத் தெற்காகப் போகும் கூட்டத்தை ஏ6-உம் டி906-உம் விழுங்கிக்கொள்கின்றன. மேற்கே திரும்பினால் இரைச்சல் நின்றுவிடும்.

துர்னுவிலிருந்து டி14. ஓஸெனே ஊரைக் கடந்து பிரான்சியோன் மேட்டுக்கு ஏறும். ஆல்ப்ஸ் ஏற்றம் எல்லாம் இல்லை, சின்ன கியரில் பேசிக்கொண்டே ஏறலாம். மேலே கோட்டையுடன் ஒரு இடைக்காலக் கிராமம். கோடை வார இறுதியில் மோட்டார்சைக்கிள்கள் இங்கே வரும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். இறங்கினால் ஷாபேஸ், 11-ஆம் நூற்றாண்டு தேவாலயத்தின் ஒல்லியான மணிக்கூண்டு ஊருக்கு முன்னாலேயே தெரியும். அடுத்து கோர்மாத்தான்.

கோர்மாத்தானில் டி981 வந்து சேரும். அதில் ஏறாதீர்கள். பழைய ரயில் தடத்தில் போட்ட பசுமைவழி அதற்கு இணையாகப் போகிறது. பிரெஞ்சில் ‘வோவா வெர்த்’. 1997-இல் ழிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே 44 கிலோமீட்டர் திறந்தார்கள். நாட்டிலேயே இவ்வகையில் முதலாவது. தார் போட்டது, ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. தேஸே வழியாக க்ளூனி வரை தெற்கே போங்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் இடங்களில்தான் கவனம்: முன்னுரிமை காருக்கு. வேகத்தில் வந்து தடுப்புக் கம்பியில் மோதுபவர்கள் உண்டு, கம்பிகளுக்கிடையே ஒரு சைக்கிள்தான் நுழையும்.

க்ளூனிக்குப் பின் புவா கிளேர் சுரங்கம், ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோடையிலும் உள்ளே குளிரும், மேல்சட்டை போட்டு விளக்கை எரியவிடுங்கள். குளிர்கால மாதங்களில் வௌவால்கள் உறங்குவதால் மூடிவிடுவார்கள். அப்போது மேட்டின் மேலாகச் சுற்றுவழியில் போக வேண்டும். பசுமைவழி ஷார்னே-லே-மாக்கோனில் முடியும். அங்கிருந்து ரயில் நிலையம் வரை நகரச் சாலைதான்.

படி 7: சாலையில் இறங்கியபின்

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓட்டிப் பழகியவர்களுக்கு வலப்பக்கம் ஓட்டுவது நெரிசலில் மறக்காது. மற்ற வண்டிகள் காட்டிக்கொடுக்கும். மறப்பது காலியான சாலையில், ஓய்வெடுத்துக் கிளம்பும்போது. கைப்பிடியின் இடப்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடியும், வலப்பக்கம் ஒரு நாடாவும் கட்டிவையுங்கள்.

பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முன்னுரிமை. மஞ்சள் வைரம் தெரிந்தால் உங்களுக்கு முன்னுரிமை. அதன்மேல் கறுப்புக் கோடு விழுந்தால் முடிந்தது. கிராமத்துக்குள் ஒரு சந்திலிருந்து ஒரு டிராக்டர் நிற்காமல் வந்தால் அவர் சரி, நீங்கள் தவறு.

ஊருக்குள் ‘தூத் திரெக்சியோன்’, அதாவது ‘எல்லாத் திசைகளும்’ என்ற பலகையைப் பின்தொடராதீர்கள். லாரிகளை ஊருக்கு வெளியே பெரிய சாலையில் ஏற்றிவிடுவதற்காக வைத்தது அது. பச்சைப் பலகையும் அப்படித்தான். அடுத்த கிராமத்தின் பெயர் எழுதிய வெள்ளைப் பலகையே உங்களுடையது.

‘கிராவியோன்’ என்ற எச்சரிக்கை கண்டால் வேகத்தைக் குறையுங்கள். கோடையில் தாரை ஊற்றி மேலே சரளையைக் கொட்டிவிட்டு, வண்டிகளே அழுத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். திருப்பத்தில் சாய்ந்தால் சக்கரம் வழுக்கும். பிரேக்கைத் திருப்பத்துக்கு முன்பே பிடித்து முடித்து, நிமிர்ந்தபடி திரும்புங்கள்.

தண்ணீர், சோறு, நேரம்

பகல் 12 முதல் 2 வரை ஊரே சாப்பிட உட்கார்ந்துவிடும், சாலை காலி. ஓட்ட அதுதான் பொற்காலம், வாங்க அதுதான் கெட்டநேரம், ஏனெனில் கிராம ரொட்டிக்கடையும் பெரும்பாலும் அப்போது மூடிவிடும். காலை பதினொன்றுக்குள் வாங்கிப் பையில் போடுங்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கடைகள் திறக்காது. தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம்: அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரு குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ளு’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. இலையுதிர்காலத்திலும் குளிரிலும் வேட்டைப் பருவம். பளிச்சென்ற சட்டை போட்டு, காட்டுத் தடங்களில் இறங்காமல் தார்மேலேயே இருங்கள்.

திரும்ப, மாக்கோன் நகர நிலையத்திலிருந்து டிஇஆர் வட்டார ரயிலில் துர்னுவுக்கு வரலாம். சைக்கிளை அப்படியே ஏற்றலாம். மாக்கோன்-லோஷே என்பது அதிவேக ரயிலுக்கான வேறு நிலையம், நகருக்கு வெளியே இருக்கிறது. அதிவேக ரயிலில் ஏற்ற வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி 130க்கு 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்க வேண்டியிருக்கும். ரயிலைத் தவறவிட்டால் சோன் ஆற்றோரமாக ‘வோவா ப்ளோ’ என்ற நீலவழி துர்னு வரை போகிறது. சமதரைதான், ஆனால் வடக்கிலிருந்து எதிர்க்காற்று அடிக்கும் நாளில் அந்த முப்பது சொச்சம் கிலோமீட்டர் பிரான்சியோன் மேட்டைவிடக் கடினம்.